நிறுவனம் பொறுப்பேற்காது

மன்னார்
03.11.2024, ஞாயிறு

அன்புத் தங்கச்சி றஷ்மிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடும் வீட்டோடும் இருக்கட்டும். நான் நல்ல சுகம். இந்த உப்புக்காற்றில் தலைமுடிதான் கயிறாகிவிட்டது. முக்காடு இருப்பதால் யாருக்கும் தெரியாது. அப்பாவின் முழங்கால் எப்படி? துறைமுகத்தில் இன்னமும் அந்த இரும்புப் படிகளில்தான் ஏறி இறங்குகிறாரா?

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான், பயிற்சியில் இருக்கும் நவகன்னியர் நாங்கள் வீட்டுக்கு எழுதலாம். தொலைபேசி கிடையாது, உயிர்த்த ஞாயிறு வரையான தவக்காலத்தில் கடிதமும் கிடையாது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தையல் அறைக்குக் கொழும்புக் கோவில் பங்கு ஒன்று கணினித் தையல் மெசின் கொடுத்திருக்கிறது. சிலுவையோ பூவோ கணினியில் வரைந்து கொடுத்தால் மெசின் தானே தைத்துவிடும். வரைகிற மென்பொருளும் பெட்டியோடு வந்தது. பெட்டியைத் திருப்பினால் வெள்ளவத்தை விலாசம். நீ வேலை செய்கிற அதே கம்பனி! சத்தமாகச் சிரித்துவிட்டேன். மௌன நேரத்தில் சிரித்ததற்கு மடத்துத் தலைவி மதர் பிறிஜெற்றிடம் ஒரு பார்வையும் வாங்கினேன்.

ஆனால் இங்கே இருப்பது பழைய லப்டொப். புது விண்டோஸ் அதில் ஏறாது என்று பிரதர் ஒருவர் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்கள் மென்பொருள் அதில் திறக்கவே இல்லை. பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கிறது: "விண்டோஸ் தவிர்ந்த இயங்குதளங்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது." ஏன் இப்படி?

அடுத்த சித்திரையில், பெரிய வியாழனன்று குருக்கள் பூசைக்குக் கழுத்தில் போடும் பட்டிகளை மறைமாவட்டம் எங்களிடம் கேட்டிருக்கிறது. செய்து கொடுத்தால் தையல் அறை தொடரும். இல்லாவிட்டால் மெசினை வவுனியா மடத்துக்கு அனுப்பிவிட்டு அறையைப் பூட்டிவிடுவேன் என்கிறார் மதர். ஊர்ப் பெண்கள் ஆறு பேருக்கு இந்த அறைதான் வேலை. என்னிடம்தான் பொறுப்பைத் தந்திருக்கிறார்.

ஏதாவது ஒரு பொத்தானை அமத்தினால் சரியாகுமா? எழுது.

செபங்களுடன்,
அக்கா மெறிற்றா

—

கொட்டாஞ்சேனை
14.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மழைக்கு மட்டும் நோகிறதாம், ஆனால் இங்கே தினமும் மழை. அம்மா உங்கள் கடிதத்தை நான் வாசித்தபின் தானும் வாசித்து, பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினா.

உங்கள் கேள்வியை எங்கள் மேலாளர் ஸஹாப்தீன் சேரிடம் கேட்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. பஸ்ஸை நிற்பாட்டச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்து வருகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்தானே. கடைசியில் அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்துக் கேட்டேன்.

"ஓடாதெண்டு இல்ல புள்ள," என்றார். "ஓட வெச்சிரலாம். ஓடினதுக்குப் பொறகு போன் அடிப்பாங்களே, அத யாரு எடுக்குற? நீ எடுக்குறியா?"

போன் எடுப்பதுதான் எனக்கு உலகத்திலேயே பயமான வேலை.

பிறகு அவர் விளக்கினார். எங்களிடம் வாங்குகிற தையற்கடைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் கிட்டத்தட்ட எல்லாமே விண்டோஸ். லினக்ஸ் கேட்பவர்களைக் கைவிரலில் எண்ணலாம். அந்தச் சிலரிடமும் இருப்பது ஒரே லினக்ஸ் இல்லை, ஆளுக்கொரு வகை. ஒவ்வொரு வகையும் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். பெட்டியில் ஒரு பெயரை எழுதிவிட்டால், அந்தப் பெயரில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாங்கள் சோதிக்க வேண்டும். ஊசி ஒரு நூல் அளவு தள்ளிக் குத்தினாலும் பாழாவது வாங்கியவரின் துணி. அவர் எங்களைத்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

எனக்கு அது நியாயமாகவே படுகிறது, அக்கா. வெறுப்பில் சொல்லும் 'இல்லை' அல்ல அது. வரமாட்டோம் என்று தெரிந்த இடத்துக்கு வருவோம் என்று சொல்லாமல் இருப்பது.

ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு லப்டொப்தானே? லினக்ஸுக்குள் விண்டோஸ் மாதிரி நடிக்கிற ஒரு சின்னச் செயலி இருக்கிறது. அதற்குள் எங்கள் மென்பொருளை வைத்தால் திறக்கும். வேலை முடிந்து இங்கே ஒரு பழைய கணினியில் செய்து பார்த்தேன், திறந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதை அடுத்த தாளில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். மென்பொருளின் ஒரு பிரதியை பென்ட்ரைவில் தனியாக எடுத்து வையுங்கள். இதைக் கம்பனி சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அம்மா கேட்கச் சொன்னா: ஆவணியில் துறவறத்துக்கான முதல் வார்த்தைப்பாடு என்றார்களே, கொடுக்கப் போகிறீர்களா?

அன்புடன்,
றஷ்மி

—

மன்னார்
01.12.2024, ஞாயிறு

என் கெட்டிக்காரத் தங்கச்சிக்கு,

திருவருகைக் காலத்தின் வாழ்த்து. எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு மூக்கு ஒழுகி ஒரு தடிமன் வந்து போனது. தொண்டை மட்டும் இன்னும் கரகரக்கிறது, கதைக்குமுன் இரண்டு தரம் செருமவேண்டியிருக்கிறது.

திறந்துவிட்டது! உன் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தையல் அறையில் வேலை செய்யும் இராமலெட்சுமி அக்கா பக்கத்தில் நின்று, கணினிக்கு நோகுமோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தா. முதன்முதலில் ஒரு புறா வரைந்தேன். மெசின் தைத்து முடித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"சிஸ்டர், இது பரிசுத்த ஆவியா, பிறாய்லர் கோழியா?" என்று அவ கேட்டா.

மௌனம் அன்றைக்கும் போனது. இந்தமுறை மதரும் சிரித்தார்.

பென்ட்ரைவை அறையில் இருக்கிற மாதா சுருபத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒரு சிக்கல்: தமிழ் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. பட்டியில் 'ஆமென்' என்று தைக்க வேண்டும். என்ன செய்வது?

செபங்களுடன்,
மெறிற்றா

—

கொட்டாஞ்சேனை
12.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தொண்டைக்கு அம்மா கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இடித்துப் பொதி அனுப்புகிறா. நாங்கள் சுகம். எங்கள் தெருவில் நத்தார் விளக்குகள் ஏறிவிட்டன. எதிர்வீட்டு நட்சத்திரம் எங்கள் படுக்கையறைக்குள்தான் எரிகிறது.

கட்டங்களுக்கான காரணம் எழுத்துரு. அது விண்டோஸோடு வருவது, உங்கள் லப்டொப்பில் இல்லை. இதுவும் ஒரு காரணம், அக்கா. மென்பொருள் தனியாக ஓடுவதில்லை. பக்கத்தில் நூறு சாமான் இருக்கும் என்று நம்பித்தான் அதை எழுதுகிறோம். இலவச எழுத்துரு ஒன்றைப் போடும் விதத்தைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

தபாலில் உதவிப் பிரிவு நடத்துவது உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நன்றாகவும் நடத்துகிறேன் என்று நினைக்கிறேன்.

மென்பொருள் திறந்ததை எழுதினீர்கள். வார்த்தைப்பாடு பற்றிய கேள்விக்குப் பதில் எழுதவில்லை. அம்மாவும் கவனித்துவிட்டா. கடிதத்தை மடித்த விதத்தில் தெரிந்தது.

நத்தார் வாழ்த்துகளுடன்,
றஷ்மி

—

மன்னார்
02.02.2025, ஞாயிறு

அன்பு றஷ்மி,

நலம், நலமறிய ஆவல். போன மாதம் எழுத முடியவில்லை. தையல் அறையிலேயே ஞாயிறு போய்விட்டது. அம்மாவின் கொத்தமல்லியை மடம் முழுவதும் குடித்து முடித்தது.

'ஆமென்' அழகாக வருகிறது. பாதிப் பட்டிகள் முடிந்தன. மதர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி, நூல் முடிச்சு தேடிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். அவரிடம் அது பாராட்டு.

இப்போது மெசினில் எது நின்றாலும் பெண்கள் பதறுவதில்லை. "சிஸ்டரின்ட தங்கச்சிக்கு எழுதுவம்" என்கிறார்கள். உன்னை ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் நீ வந்து நிற்பாய் என்று நினைக்கிறார்கள்.

மற்றக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தால் எழுதியிருப்பேன். அம்மாவிடம் அப்படியே சொல்.

அன்புடன்,
மெறிற்றா

—

கொட்டாஞ்சேனை
04.03.2025, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். இது அவசரம்.

எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு வருகிறது. நான்தான் சோதித்தேன். களவுப் பிரதிகளைத் தடுக்க ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். திறக்கும்போது அது உண்மையான விண்டோஸைத் தேடும். நடிக்கிற விண்டோஸில் திறக்காது. இணையம் கிடைத்தால் புதுப் பதிப்பு தானாக இறங்கும். "இப்போது புதுப்பிக்கவா?" என்று கேட்டால் "பிறகு" என்பதை மட்டும் அமத்துங்கள். எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

நாளைக்கு விபூதிப் புதன், நீங்கள் எழுத முடியாது என்று தெரியும். பதில் வேண்டாம், வாசித்தால் போதும். மடத்துக்குப் போன் எடுக்கலாம் என்று அம்மா சொன்னா. மதர் எடுத்தால் நான் என்ன கதைப்பேன்? துரிதத் தபாலில் போடுகிறேன்.

றஷ்மி

—

(மின்னஞ்சல்)
24.03.2025

உதவிப் பிரிவுப் பொறுப்பாளருக்கு,

ஆண்டவரின் ஆசீர் உங்களுக்கு உண்டாகுக. உங்கள் நிறுவனத்தின் தையல் மென்பொருளை எமது மடம் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறது. கடந்த வெள்ளிக்கிழமை மறைமாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் தமது தொலைபேசியின் இணையத்தை எமது லப்டொப்புக்குக் கொடுத்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது. எமது பணியாளர் ஒருவர் மரியாதையாக "ஆம்" என்று அமத்தினார். அதிலிருந்து மென்பொருள் திறக்கவில்லை.

பெரிய வியாழனுக்கு வேண்டிய பூசைப் பட்டிகள் அரைகுறையாக நிற்கின்றன. இதற்குப் பொறுப்பு யார் என்பதை அறியத் தரவும்.

கிறிஸ்துவில்,
மதர் பிறிஜெற்
மன்னார்

—

(மின்னஞ்சல்)
24.03.2025

வணக்கத்துக்குரிய மதர் அவர்களுக்கு,

தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. தாங்கள் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

தங்களுடைய கணினி லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவதாக அறிகிறோம். பெட்டியில் குறிப்பிட்டுள்ளவாறு, விண்டோஸ் தவிர்ந்த இயங்குதளங்களில் எமது மென்பொருளை இயக்குவதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

இங்ஙனம்,
றஷ்மி கிளறன்ஸ்
வாடிக்கையாளர் உதவிப் பிரிவு

—

கொட்டாஞ்சேனை
27.03.2025

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மதரின் மேசை லாச்சியில் கிடக்கும். போன கடிதமும் அங்கேதான் கிடந்தது. தவக்காலத்தில் எழுதத்தான் கூடாது, வாங்கலாம் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்பது எனக்கு நேற்றுத் தெரிந்தது. எப்படி என்று சொல்கிறேன். பாதி உங்களுக்கே தெரியும்.

மதரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியவள் நான். கம்பனியின் வசனம், என்னுடைய பெயர். ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அனுப்பிய பிறகு மேசையில் இருக்க முடியவில்லை. காலிக்குப் போகும் பெரிய வீதியைக் கடந்து கடற்கரைப் பக்கம் போய், ரயில் தண்டவாளத்தருகே நின்றேன். கம்பனி பொறுப்பேற்கவில்லை, சரி. நான் ஏற்றேனே! ஏற்றுக்கொண்டு, போன் எடுக்கப் பயந்து கடிதம் போட்டிருக்கிறேன். ஸஹாப்தீன் சேர் அன்றைக்கே கேட்ட கேள்விதான்: போனை யார் எடுக்கிறது?

இரண்டு நாள் தயங்கினேன். நேற்று மத்தியானம் எடுத்தேன்.

"மதர், நான் றஷ்மி. மெறிற்றாவின்ட தங்கச்சி."

"கொம்பனியில இருந்து 'பொறுப்பேற்காது' எண்டு எழுதின றஷ்மியோ?"

"ஓம் மதர். ரெண்டும் நான்தான். உங்கட லாச்சியில என்ர கடிதம் ஒண்டு இருக்கும். தயவுசெய்து பிரியுங்கோ."

"தவக்காலத்தில நாங்கள் கடிதம் பிரிக்கிறேல்லை பிள்ளை."

"அது கடிதம் இல்ல மதர். அது சப்போட்."

பிறகு லாச்சி இழுபடுகிற சத்தம் கேட்டது. அவர் வாசித்து முடிக்கும்வரை நின்றேன்.

"அப்ப நீர் முதலே சொல்லியிருக்கிறீர்," என்றார். "பிழை என்ர லாச்சியில. சரி, இப்ப என்ன செய்ய?"

"தையல் அறையில மாதா சுருபத்துக்குக் கீழ பாருங்கோ."

"என்ன, புதுமை ஏதும் நடக்கப் போகுதோ?"

"பென்ட்ரைவ் இருக்கும் மதர்."

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல, மதர் அதை உரக்கச் சொல்ல, மூன்றாவது ஆள் ஒருவர் பேசாமல் கணினியில் செய்தார். புதுப் பதிப்பை அழித்தோம், பென்ட்ரைவில் இருந்ததைப் போட்டோம், தானாக இறங்குவதை நிற்பாட்டினோம். எனக்குப் பொத்தான்களின் சத்தம் மட்டும்தான் கேட்டது. இடையில் ஒருதரம் யாரோ இரண்டு தரம் செருமினார்கள். அது நீங்கள்தான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நீங்கள் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. நானும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. மெசின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. "ஓடுது பிள்ளை," என்றார் மதர். வைத்துவிட்டேன்.

பிறகு அலுவலகப் படியில் இருந்து அழுதேன். நல்ல அழுகை.

உங்கள்,
றஷ்மி

—

மன்னார்
04.05.2025, ஞாயிறு

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உனக்கு. நான் சுகம். தொண்டையும் முழுச்சுகம். நீ கண்டுபிடிக்காமல் இருக்கட்டும் என்றுதான் அன்றைக்கு அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

பட்டிகள் பெரிய வியாழனுக்கு முதல்நாள் போய்ச் சேர்ந்தன. குருக்கள் வரிசையாக நடந்து வரும்போது நாங்கள் பூசையை எங்கே பார்த்தோம்? இராமலெட்சுமி அக்கா ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்து, "அது நான் தைச்சது, இது நான் தைச்சது" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தா. தையல் அறை தொடரும். மதர் எழுத்தில் தந்துவிட்டார்.

உன் கடிதங்கள் இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன. திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ செய்தது உன் கம்பனிக்குத் தெரியுமா? எங்களுக்காக உன் வேலைக்கு ஏதும் வந்துவிடக் கூடாது. உண்மையாக எழுது.

செபங்களுடன்,
மெறிற்றா

—

கொட்டாஞ்சேனை
19.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவைக் கீழே அலுவலக வேலைக்கு மாற்றிவிட்டார்கள், முழங்கால் சந்தோஷப்படுகிறது. அப்பா சந்தோஷப்படவில்லை. மேலே இருந்தால் கப்பல் எல்லாம் தெரியுமாம்.

கம்பனிக்குத் தெரியும். நானே ஸஹாப்தீன் சேரிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"மாசக் கணக்கில ஓடிச்சா? கான்வென்ட்டிலயா? புள்ள, இது நல்ல விளம்பரம்! லினக்ஸிலயும் ஓடுமெண்டு பெட்டியில போட்டிருவோம்!"

கூட்டத்திலும் அதையே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா, நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே கதைத்திருக்கலாம், ஆனால் எழுந்துவிட்டேன்.

"போட வேணாம் சேர்," என்றேன்.

"ஏன்? ஓட வெச்சது நீதானே?"

"ஓம் சேர். அதாலதான் சொல்றன். ஓடினது மென்பொருள் மட்டும் இல்ல, நானும் ஓடினன். எழுத்துரு இல்லாதப்ப நான். பூட்டு வந்தப்ப நான். ஒரு லப்டொப்புக்கே ஒரு ஆள். பெட்டியில போட்டா எத்தினை லப்டொப், எத்தினை வகை? ஆள் இருக்கா? இல்லாம போட்டா, நாங்க பொறுப்பெண்டு நம்பி வாங்கிறவங்கட துணிதான் பாழாகும்."

பிறகு சேர் சொன்னார்: "போன வருஷம் நான் உனக்குச் சொன்னத, இப்ப நீ எனக்குச் சொல்ற."

ஆகவே பெட்டியில் உள்ள வசனம் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டு விஷயம் கேட்டு வாங்கினேன். மெசின் வாசிக்கிற கோப்பின் அமைப்பைக் கம்பனி வெளியிடும். லினக்ஸில் வரைகிறவர்கள் வேறு இலவசச் செயலியில் வரைந்தாலும் அதே மெசின்களில் தைக்கலாம். மற்றது உங்களுக்கு. மன்னார் மடத்து அந்த ஒரு லப்டொப்புக்கு, அந்த ஒரு பதிப்புக்கு, வருகிற உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பொறுப்பு எனது. கம்பனி நேரத்தில், கம்பனி போனில். அதற்குள் உங்களை அந்த இலவசச் செயலிக்கு மாற்றிவிடுவேன். அதன் பிறகு பார்ப்போம். அதற்கு மேல் இப்போது சொல்ல மாட்டேன். சொன்னதைச் செய்வேன்.

வேலையும் நிரந்தரமாகிவிட்டது. போன் எடுக்கிற மேசைதான் தந்திருக்கிறார்கள்.

அம்மா இப்போது ஒன்றும் கேட்பதில்லை. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் கை வேலையை விட்டுவிட்டு நிற்கிறா.

அன்புடன்,
றஷ்மி

—

மன்னார்
06.07.2025, ஞாயிறு

அன்பு றஷ்மி, அம்மா, அப்பா மூவருக்கும்,

இந்தக் கடிதம் மூவருக்கும் சேர்த்து. எல்லோரும் சுகமாக இருந்து வாசிக்க வேண்டும். அம்மா, கதிரையில் இருங்கள்.

ஆவணி பதினைந்தில் என் முதல் வார்த்தைப்பாட்டைக் கொடுக்கப் போகிறேன்.

இவ்வளவு நாளும் ஏன் எழுதவில்லை என்று இப்போது சொல்ல முடியும். முதல் வார்த்தைப்பாடு ஒரு வருடத்துக்குத்தான். முடிந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும். எனக்கு அது ஒரு அரைகுறை வார்த்தையாகத் தெரிந்தது. சாகும்வரைக்கும் என்று சொல்ல முடியாதவள் ஒரு வருடத்துக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். சாகும்வரைக்கும் என்று சொல்லவும் பயமாக இருந்தது.

பிறகு றஷ்மியின் கடிதம் வந்தது. ஒரு லப்டொப், ஒரு பதிப்பு, ஒரு உயிர்த்த ஞாயிறு வரைக்கும். அதை வாசித்தபோது எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. அதுவரைக்கும் நீ எடுக்காத போனையும் எடுப்பாய் என்று தெரிந்தது. மதரிடம் போய்ச் சொன்னேன். "ஒரு வருஷம் எண்டா, அந்த வருஷத்தில என்ன நடந்தாலும் நான் நிப்பன் மதர். அதுக்கு மேல அடுத்த வருஷம் கேளுங்கோ." மதர் என்னைப் பார்த்து, "இது ஆரின்ட கதை, கொம்பனிக்காரியின்டையோ?" என்றார்.

அம்மா, நான் உங்களை விட்டுப் போகவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று முதல்தரம் தெளிவாகச் சொல்கிறேன்.

மூவரும் வாருங்கள். அப்பாவுக்குப் படி இல்லாத வாசலருகே உட்காரும் வாங்கு ஒன்றைப் பிடித்து வைக்கிறேன். றஷ்மி, உனக்கு முன்வரிசை வாங்கு. இராமலெட்சுமி அக்காவும் மற்றவர்களும் உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். நீ ஆறடி உயரம் என்று நினைத்திருக்கிறார்கள், நான் திருத்தவில்லை.

அன்றைக்குப் போனில் நீ கதைத்தாய், நான் பேசாமல் இருந்தேன். பதினைந்தாம் திகதி நான் கதைப்பேன். நீ பேசாமல் இருந்து கேள். தொடங்குமுன் இரண்டு தரம் செருமுவேன். அது தடிமன் இல்லை.

உங்கள் பிள்ளை,
மெறிற்றா